கட்டுவதற்கு முன் கேட்போம்

வீடு கட்ட விரும்பும் ஒருவருடைய மனையும் அரசின் விதியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மனையின் பின்பாதி சரிவாக இருக்கும். விதியோ முன்பக்கத்தில் இத்தனை அடி காலியாக விட வேண்டும் என்று கூறும். தந்தை விட்டுச்சென்ற நிலம் பதிவேட்டில் வயல் என்று இருக்கும். மகனுக்கோ அதில் ஒரு வீடு தேவைப்படும். இந்நிலையில் அவர் முன் மூன்று வழிகள் உள்ளன. கட்டும் எண்ணத்தைக் கைவிடலாம். யாரையும் கேளாமல் கட்டிவிடலாம். அல்லது தம் நிலையை எழுதி, உரிய அதிகாரியிடம் விலக்கோ மாற்றமோ கேட்கலாம். இவற்றுள் மூன்றாவது வழியே மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுகிறது. அவ்வழியைப் பலரும் அறிந்திருக்கவும் இல்லை.

நம் நாட்டில் ‘முதலில் கட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் பழக்கம் வேரூன்றிவிட்டது. வீட்டுக்கடன் விண்ணப்பங்களை ஆராயும் வங்கியாளர்கள் என்ற முறையில் இப்பழக்கத்தின் விளைவுகளை நாங்கள் அருகிலிருந்து பார்க்கிறோம். கட்டுவதற்கு முன் கேட்பதே குடும்பத்துக்கும் ஊருக்கும் நன்மை தரும் என்பது எங்கள் கருத்து. அவ்வாறு கேட்பவருக்கு நேரிய, விரைவான விடை அளிப்பது அலுவலகங்களின் கடமை என்பதும் எங்கள் கருத்தே.

விதித்தளர்வு என்பது யாது?

ஒரு நகரம் தன் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில் எனப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எதைக் கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம், எவ்வளவு இடம் விட வேண்டும் என்று வரையறுப்பது மண்டல முறை எனப்படும். அமெரிக்காவில் நியூயார்க் நகரம் 1916ஆம் ஆண்டில் நகரம் முழுமைக்குமான மண்டல விதிகளை இயற்றியது. அத்தகைய விதிகளை இயற்றும் அதிகாரம் ஊராட்சி மன்றங்களுக்கு உண்டு என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1926இல் யூக்ளிட் என்னும் சிற்றூரின் வழக்கில் ஏற்றுக்கொண்டது.

எல்லா மனைகளுக்கும் பொதுவாக எழுதப்படும் விதி ஏதேனும் ஒரு மனைக்குப் பொருந்தாமல் போகும் என்பதை அம்முறையை வகுத்தவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். ஆகவே விதியோடு சேர்த்து, அதிலிருந்து தளர்வு கேட்பதற்கான ஒரு வாயிலையும் அமைத்தனர். வீட்டுக்காரர் விண்ணப்பிக்கிறார், அண்டை வீட்டாருக்கு அறிவிப்புச் செல்கிறது, ஒரு குழு பொதுவில் விசாரிக்கிறது, பின்பு விடை கிடைக்கிறது.

அக்குழு பொதுவாக ஆராயும் வினாக்கள் சிலவே. இடர்ப்பாடு நிலத்தின் இயல்பிலிருந்து தோன்றியதா? விண்ணப்பதாரர் தாமே உண்டாக்கிக்கொண்டதா? கேட்கும் தளர்வு, தேவைக்கு மேற்படாத குறைந்த அளவா? அதனால் அண்டை வீட்டாரின் காற்றும் வெளிச்சமும் வழியும் கெடுமா? குறுகிய மனை, சரிவான மனை, கோணலான மனை ஆகியவை ஏற்கத்தக்க காரணங்கள். ‘இன்னும் ஓர் அறை இருந்தால் வாடகைக்கு விடலாம்’ என்பது ஏற்கத்தக்க காரணம் ஆகாது. இந்த வேறுபாடு நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும்.

ரங்கத்தில் நிலம்

ரங்கத்தில் நகராட்சி இல்லை. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நகரமன்றம் உள்ள ஒரே ஊர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. மற்ற ஊர்களைப் போலவே ரங்கத்தும் 1994ஆம் ஆண்டின் ஊராட்சி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆயினும் இங்கு நிலப் பயன்பாட்டு விதிகள் இல்லை என்று எண்ணிவிடலாகாது. சொல்லப்போனால், தாய்நிலத்து நகரங்களைவிட இங்கு விதிகள் பல அடுக்குகளாக உள்ளன.

முதல் அடுக்கு நில உரிமை. 1966ஆம் ஆண்டின் நில வருவாய் மற்றும் நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி இத்தீவுகளின் நிலம் முழுவதும் அரசுக்கு உரியது. நாம் ‘சொந்த நிலம்’ என்று வழங்குவது, அரசிடமிருந்து பெற்ற அனுபோக உரிமையே ஆகும். அவ்வுரிமை எந்த வகையைச் சார்ந்தது, எப்பயனுக்காக வழங்கப்பட்டது என்பதை வருவாய்ப் பதிவேடு கூறும். ‘எஃப் படிவம்’ என்று இங்கு வழங்கும் உரிமைப் பதிவு நகலை முதலில் கேட்குமாறு வாடிக்கையாளர்களிடம் நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

1950களில் கிழக்கு வங்காளத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களும், அவர்களைத் தொடர்ந்து பிற மாநிலத்தவரும் நடு அந்தமானில் குடியேற்றப்பட்டபோது, காடு திருத்தி நெல் விளைவிப்பதற்கென்றே நிலம் அளிக்கப்பட்டது. அன்று ஒரு குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்த நிலம் இன்று மூன்றாம் தலைமுறையில் பல பங்குகளாகிவிட்டது. பேரனுக்குத் தேவை வயல் அன்று, வீடு. ஆனால் பதிவேட்டில் அது இன்றும் வயலே. வேளாண் நிலத்தை வீட்டுமனையாகவோ வணிக இடமாகவோ பயன்படுத்த வேண்டுமானால் முன்னனுமதி பெற வேண்டும். வருவாய் அலுவலகத்தில் ‘டைவர்ஷன்’ என்று எல்லாரும் வழங்குவது இந்த நிலப் பயன்பாட்டு மாற்றத்தையே. நகரத்து வீட்டுக்காரர் மண்டல விதியில் தளர்வு கேட்பதற்கு ரங்கத்தில் மிக நெருங்கி நிற்பது இவ்விண்ணப்பம்தான்.

இரண்டாம் அடுக்கு கடற்கரை. 2011இல் தீவுப் பாதுகாப்பு மண்டல அறிவிக்கையும், அதற்குப் பதிலாக 2019இல் தீவுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் வெளியாயின. உயர் அலைக் கோட்டிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் புதிய கட்டுமானம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. முறையான அனுமதியுடன் ஏற்கெனவே இருந்த வீட்டைப் பழுதுபார்ப்பது வேறு. வெறுமையான மனையில் புதிதாகக் கட்டுவது வேறு. கடலோர மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் அடுக்கு காடும் பழங்குடியினர் காப்பகமும். வன நிலத்தைப் பிற பயன்பாட்டுக்குக் கொடுக்க 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நடுவணரசின் ஒப்புதல் தேவை. ஜாரவாக்களின் காப்பகம் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தால் காக்கப்படுகிறது. 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் இத்தீவுகளின் காடுகள் குறித்துப் பிறப்பித்த ஆணை, 1978க்குப் பிற்பட்ட வன ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னது. கடற்கரை மணல் எடுப்பதையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. இந்த அடுக்கில் தனி வீட்டுக்காரர் கேட்டுப் பெறக்கூடிய தளர்வு எதுவும் இல்லை. எங்குக் கேட்கலாம் என்பதைப் போலவே, எங்குக் கேட்பதில் பயனில்லை என்பதை அறிவதும் இன்றியமையாதது. ‘எல்லாம் ஆகிவிடும்’ என்று கூறி இத்தகைய இடத்தை விற்க வருபவரின் சொல்லை நம்பிச் சேமிப்பை இழத்தல் ஆகாது.

விதிக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு

விதியை அலுவலகத்தின் பிடிவாதம் என்று கருதுவோர் இத்தீவின் இயல்பையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அந்தமான் நிக்கோபார் தீவுகள் முழுவதும் நில அதிர்வு அபாயம் மிக்க ஐந்தாம் மண்டலமாக வகைப்படுத்தப்பட்டவை. 1941 ஜூன் 26 அன்று அந்தமானைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. 2004 டிசம்பர் 26ஐ நாம் எவரும் மறக்கவில்லை. ஆண்டில் பெரும்பகுதி மழை பெய்யும் நிலத்தில், சரிவை வெட்டிச் சமன்செய்து நீர்வழியை அடைத்துக் கட்டும் வீடு, தனக்கும் கீழே உள்ள வீட்டுக்கும் கேடு விளைவிக்கக்கூடும். இரு வீடுகளுக்கு இடையே விடப்படும் சில அடி இடம் வீணான இடம் அன்று. மழைநீர் வடிவதும், தீ பரவாமல் தடைபடுவதும், இடிபாட்டிலிருந்து மனிதர் வெளியேறுவதும் அவ்விடத்தின் வழியாகத்தான். இவற்றையெல்லாம் கருத்தில் கொண்ட பிறகும் தளர்வு தகும் என்று காட்டுவதே நல்ல விண்ணப்பம்.

தமிழகம் கற்பிக்கும் பாடம்

ரங்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தமிழகத்திலும் மனையோ வீடோ உண்டு. ஓய்வுக்காலத்துக்கென ஊர்ப்பக்கம் மனை வாங்குவோரும் உளர். ஆதலால் அங்கு நிகழ்ந்ததை அறிவது நமக்குப் பயன் தரும். கட்டிய பின் மன்னிக்கும் முறை எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்கும் அதுவே தக்க சான்று.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவு, எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விதிகளிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தந்தது. அவ்வதிகாரம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பில், அப்பிரிவின் கீழ் 1980களின் பிற்பகுதியில் வழங்கப்பட்டிருந்த அறுபதுக்கும் மேற்பட்ட விலக்கு ஆணைகளை, முறையாக ஆராய்ந்து வழங்கப்படவில்லை என்று கண்டு ரத்துசெய்தது. விலக்கு அளிக்கலாம், அதற்குக் காரணம் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இதற்கிடையில் 1998இல், விதியை மீறிக் கட்டிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த 113-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஒருமுறை மட்டுமே அளிக்கப்படும் சலுகை என்ற அளவில் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் கெடு நீட்டிக்கப்பட்டது. பின்பு மீண்டும் நீட்டிக்கப்பட்டது. அந்நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ரத்துசெய்தது. 2012இல் 113-சி என்னும் இன்னொரு பிரிவு வந்தது. இம்முறை 2007 ஜூலை 1 எல்லைநாள் ஆயிற்று.

மனைகளின் கதையும் இதைப் போன்றதே. அனுமதி பெறாத மனைப்பிரிவுகளைப் பதிவுசெய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை விதித்தது. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து மனை வாங்கியிருந்த எத்தனையோ குடும்பங்கள் விற்கவும் இயலாமல், கடன் பெறவும் இயலாமல் தவித்தன. 2016 அக்டோபர் 20க்கு முற்பட்ட மனைகளுக்கான வரன்முறைத் திட்டம் 2017 மே மாதத்தில்தான் வந்தது.

இவ்வரலாற்றில் எங்களுக்குப் புலப்படுவது ஒன்று. ஒவ்வொரு வரன்முறைத் திட்டமும், விதிப்படி கட்டியவரை ஏமாளியாக்கி, விதியை மீறியவருக்கு ‘அடுத்த கெடுவும் வரும்’ என்ற நம்பிக்கையை ஊட்டுகிறது. மேலும் கட்டிய பின் ஆராயும்போது ‘எவ்வளவு மீறினார், எவ்வளவு கட்டணம்’ என்பதே வினாவாகிவிடுகிறது. ‘இந்த மனைக்கு இது தகுமா’ என்ற முதல் வினாவைக் கேட்பார் இல்லை.

அதே தமிழகத்தில் நல்ல மாற்றமும் நிகழ்ந்துள்ளது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், சுயசான்றின் அடிப்படையில் இணையவழியில் உடனடி அனுமதி பெறும் முறை 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. கேட்பது எளிதானால் மக்கள் கேட்பார்கள் என்னும் எண்ணமே இதன் அடிப்படை. அது சரியான எண்ணம்.

வங்கி ஏன் கேட்கிறது?

‘நிலம் என்னுடையது, வருமானமும் இருக்கிறது, வரைபட அனுமதி எதற்கு?’ என்று வாடிக்கையாளர்கள் எங்களைக் கேட்பதுண்டு. டெல்லி உயர் நீதிமன்றத்தின் ஆணைகளைத் தொடர்ந்து, பாரத ரிசர்வ் வங்கி 2006 நவம்பரில் வங்கிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் வழங்கியது. வீடு கட்டக் கடன் கேட்பவர் உரிய அமைப்பின் ஒப்புதல் பெற்ற வரைபடத்தை அளிக்க வேண்டும். அதை மீறிக் கட்டமாட்டேன் என்று உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். கட்டுமானம் வரைபடப்படி நடைபெறுகிறதா என்று கட்டடக்கலைஞர் சான்றளிக்க வேண்டும் என்பவை அதன் முக்கியக் கூறுகள். 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று, கட்டடத்தை ஈடாகக் கொண்டு கடன் தருமுன் நிறைவுச் சான்றைச் சரிபார்க்க வேண்டும் என்று வங்கிகளுக்குக் கூறியுள்ளது. நெடுங்காலமாக இருப்பதும், பெருந்தொகை செலவிடப்பட்டிருப்பதும் சட்டவிரோதக் கட்டடத்தைச் சட்டபூர்வமாக்கிவிடா என்றும் அத்தீர்ப்பு எடுத்துரைக்கிறது.

இவ்விதிகள் வங்கியை மட்டும் காப்பவை அல்ல. அனுமதியில்லா வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைக்காதபோது, குடும்பம் நகையை விற்கிறது அல்லது தனியாரிடம் கூடுதல் வட்டிக்கு வாங்குகிறது. பின்னாளில் மகளின் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ அவ்வீட்டை ஈடாக வைக்க முயன்றால், அப்போதும் வழி அடைபட்டிருக்கும். விற்க முயன்றால் விலை குறையும். அனுமதிக்காகச் செலவிடாத தொகையைக் குடும்பம் பல மடங்காகப் பிற்காலத்தில் செலுத்துகிறது.

மறுப்பும் அதன் நியாயமும்

‘கேட்டால் எப்போது விடை வரும்? ஒரு நகலுக்கே எத்தனை நடை நடப்பது?’ என்னும் மறுப்பை நாங்கள் புறந்தள்ளவில்லை. வடக்கு மற்றும் நடு அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடமான மாயாபந்தர், ரங்கத்திலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒருநாள் கூலியை இழந்து அங்குச் சென்று, ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்ற சொல்லோடு திரும்புபவர் கேளாமலே கட்டத் துணிந்தால், பழி முழுவதையும் அவர்மீது சுமத்துவது அறம் ஆகாது. மழைக்காலம் தொடங்குமுன் கூரை வேண்டும் என்பது அவருடைய உண்மையான தேவை.

ஆகவே நிர்வாகத்திடம் நாம் எதிர்பார்ப்பவை நான்கு. விண்ணப்பத்தைப் பெற்ற அன்றே தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு அளிக்க வேண்டும். விடை தருவதற்கு ஒரு கால வரம்பு இருக்க வேண்டும். அது ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இசைந்தாலும் மறுத்தாலும் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். தளர்வால் பாதிக்கப்படக்கூடிய அண்டை வீட்டாரின் கருத்து, முடிவுக்கு முன்பே கேட்கப்பட வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை.

வங்கிகளுக்கும் இதில் கடமை உண்டு. வாடிக்கையாளர் மனைக்கு முன்பணம் கொடுத்த பிறகு ஆவணங்களில் குறை கூறுவதைக் காட்டிலும், மனை தேடத் தொடங்கும்போதே தேவையான ஆவணங்களின் பட்டியலைத் தமிழில் எழுதிக் கொடுப்பது முறையாகும். ‘இந்த நிலத்துக்குக் கடன் கிடைக்குமா’ என்று முன்கூட்டிக் கேட்க வருபவரைக் கடன் கேட்க வந்தவருக்கு இணையாக வரவேற்க வேண்டும்.

விண்ணப்பிப்பது எப்படி?

முதலில் உரிமைப் பதிவின் நகலையும் நில வரைபடத்தையும் பெற்று, நிலத்தின் வகையையும் பயன்பாட்டையும் அறிந்துகொள்க. கூட்டுரிமை நிலமானால் பங்குதாரர்களின் எழுத்துமூல இசைவைப் பெறுக. பட்வாரியிடமும் தாசில்தார் அலுவலகத்திலும் எல்லைகளை உறுதிசெய்க. கடற்கரையோ வன எல்லையோ அருகில் இருந்தால், அத்துறைகளின் கருத்தை அப்போதே கேட்டுவிடுக. பயன்பாட்டு மாற்றம் தேவையெனில் அதற்கு விண்ணப்பித்து, ஆணை கிடைத்த பின் கட்டட வரைபடத்துடன் ஊராட்சியை அணுகுக. அனுபோக உரிமையின் வகையைப் பொறுத்து, நிலத்தை வங்கிக்கு ஈடு வைக்கவும் அனுமதி தேவைப்படலாம். அதையும் உடன் கேட்டுக்கொள்க.

விண்ணப்பத்தின் வாசகம் சுருக்கமாக இருப்பது நன்று. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு மனையின் பின்புறம் 4 மீட்டர் அளவுக்குச் செங்குத்தான சரிவு. முன்புறம் 3 மீட்டர் விட வேண்டும் என்பது விதி. ‘எனக்கு இடம் போதவில்லை’ என்று எழுதினால் அதிகாரிக்கு ஆராய ஒன்றும் இல்லை. ‘பின்புறச் சரிவை வெட்டினால் மண் சரியும், ஆகவே முன்புறம் 3 மீட்டருக்குப் பதிலாக 2 மீட்டர் விட அனுமதி கோருகிறேன், மழைநீர் வடிகாலுக்குப் பக்கவாட்டில் முழு இடமும் விடுகிறேன், அண்டை வீட்டார் இருவரின் கையொப்பமும் இணைத்துள்ளேன்’ என்று எழுதி, ஒளிப்படமும் அளவு வரைபடமும் சேர்த்தால், அதிகாரி அதை எடைபோட முடியும். எவ்வளவு தளர்வு, எதனால், யாருக்கு என்ன பாதிப்பு, அதற்கு என்ன மாற்று ஆகிய நான்கும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

மறுப்பு வந்தால் காரணத்தைப் படித்து வரைபடத்தைத் திருத்துக. மேல்முறையீட்டுக்கு வழியிருந்தால் கெடுவுக்குள் செய்க. எல்லாத் தாள்களின் நகலையும் ஒரே கோப்பில் வைத்திருப்பது பிள்ளைகளுக்கும் உதவும். விதிகள் அவ்வப்போது மாறுவதால், அன்றைய நிலையை உரிய அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்வது நலம்.

காகிதத்தில் உள்ள வீட்டை ஓர் அழிப்பானால் திருத்தலாம். கான்கிரீட்டில் எழுந்த வீட்டை இடித்துத்தான் திருத்த வேண்டும். அடித்தளத்துக்கு மண் தோண்டுவதற்கு முன்னுள்ள அந்தச் சில மாதங்களே வீட்டுக்காரரின் கையில் முழு வலிமையும் இருக்கும் காலம். அக்காலத்தை அலுவலக நடைக்கெனச் செலவிடுபவர் எதையும் இழப்பதில்லை என்பதே நாங்கள் மீண்டும் மீண்டும் கண்டறிந்த உண்மை.